உலர்புல்லோ, விளையாட்டுப் பொருளோ?

'முயல்' என்னுஞ் சொல் நம் மொழியிலே பெயராகவும் நிற்கும், வினையாகவும் நிற்கும். பெயராயின் சிறு விலங்கொன்றைக் குறிக்கும். வினையாயின் 'முயற்சி செய்' என்று ஏவும். இலக்கண வகுப்பிலே இதனை முதன்முறை கேட்டபோது யான் நகைத்தேன். ஆனால் சென்ற கோடை விடுமுறையிற் காரைக்குடியில் எம் இல்லத்தில் நேர்ந்த நிகழ்ச்சிக்குப் பின்னர், அவ்விரு பொருளும் ஒன்றையொன்று வேண்டி நிற்பன என்பதை உணரலானேன். முயலை வளர்ப்போன் முயலுதல் வேண்டும். முயலாதான் அதனை வளர்த்தல் தகாது. அவ்வுணர்ச்சியின் பயனே இக்கட்டுரை.

ஈண்டு எடுத்துக்கொண்ட வினா மிகச் சிறிது. கையிலோ பொருள் குறைவு. அதனைக்கொண்டு வீட்டில் வளரும் முயலுக்கு எதனை முதலில் வாங்குவது? நல்ல உலர்புல்லையா? அன்றி, அது கடித்தும் உருட்டியும் மகிழ்தற்குரிய விளையாட்டுப் பொருள்களையா? 'இதுவும் ஓர் ஆராய்ச்சியோ?' என நண்பர் சிலர் வினவினர். வினா சிறிதேயாயினும் அதனைப் பற்றி ஓர் உயிர் நிற்கின்றது. ஆதலின் பொறுமையுடன் கேட்குமாறு வேண்டுகின்றேன்.

1. நிகழ்ந்தது

என் தங்கை எட்டாம் வகுப்பிற் பயில்பவள். கிறிஸ்துமஸ் நாளில் உறவினர் அளித்த பணத்தைச் சேர்த்துவைத்து, சாம்பல் நிறத்தன இரண்டு முயற்குட்டிகளை வாங்கினாள். விற்றவர் ஒரு கடைக்காரர். 'புல் வேண்டுமோ?' என்று அவள் கேட்டதற்கு, 'புல்லெல்லாம் வேண்டாம், பாப்பா. தீனிக்குச்சியும் காரட்டும் போதும். விளையாடச் சாமான் வாங்கிக்கொள். இல்லையேல் சோர்ந்துவிடும்' என்று அவர் சொல்லியனுப்பினார். மிகுந்திருந்த பணத்தில் மணி கோத்த நெகிழிப்பந்து ஒன்றும், சாயம் பூசிய மரக்கட்டை ஒன்றும், சிறு கண்ணாடி ஒன்றும் வந்து சேர்ந்தன. அக்கடையிலேயே தொலைநாட்டினின்று வந்த உலர்புற்பொதி ஒன்றும் இருந்ததாம். கிலோ ஒன்றுக்குப் பல நூறு ரூபாய் என்றதால் அதனைத் திரும்பியும் பார்த்திலள்.

நான்கு திங்கள் யாவும் நன்றாயிருப்பது போலத் தோன்றிற்று. முயல்கள் தீனிக்குச்சியும் காரட்டும் தின்றன. எம் அப்பத்தா அன்பு மிகுதியால் இட்ட சோற்றையும் ரொட்டித் துண்டையும் தின்றன. சித்திரை வெயிலிலே ஒன்று உணவை வெறுத்து மூலையில் ஒடுங்கியது. 'வெயிலால் வந்த சோர்வு. நாளை சரியாகிவிடும்' என்று யாம் அனைவரும் எண்ணினோம். அவ்வாறு சொன்னவருள் யானும் ஒருவன். மறுநாட் காலையில் அது இறந்து கிடந்தது. பத்து நாள் கழிந்தபின் மற்றதும் அவ்வாறே உணவருகிற் சென்று முகர்ந்து, வாய் வைக்காது திரும்பியது. அதன் மோவாய் ஈரமாயிருந்தது. எச்சமோ கடுகு போற் சிறுத்து, பின்னர் நின்றேவிட்டது. இம்முறை நாளை என்று நில்லாது கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் சென்றோம்.

மருத்துவர் கருவி கொண்டு அதன் வாயைத் திறந்து நோக்கினார். கடைவாய்ப் பற்கள் கூரிய முனைகளாக வளர்ந்து நாவின் பக்கத்தைக் கிழித்திருந்தன. மயக்க மருந்து செலுத்தி அம்முனைகளைத் தேய்த்தெடுத்தார். நோவு தணிய ஊசியிட்டார். நீரும் நார்ச்சத்துக் கூழும் சிறிது சிறிதாக ஊட்டுமாறு பணித்தார். பின்னர், 'புல் கொடுத்தீர்களா?' என்று ஒன்றே வினவினார். தங்கை விடை கூறாது தலை குனிந்தாள். 'மரக்கட்டை கொடுத்தோமே, ஐயா!' என்றாள் சற்றுப் பொறுத்து. 'கட்டை முன்பல்லுக்கு ஏதோ செய்யும், அம்மா. கடைவாய்ப் பல்லுக்கு ஒன்றும் செய்யாது' என்றார் அவர். அச்சொல்லே என்னை நூலகத்திற்கு அனுப்பிற்று.

2. முயலின் குடி

முதற்கண் முயல் இன்னதென்று தெளிதல் வேண்டும். நம் நாட்டுக் காடுகளிலும் புன்செய்களிலும் துள்ளித் திரிவது குறுமுயல். வள்ளுவர் படைச்செருக்கில் யானைக்கு எதிர்நிறுத்திய கானத்து முயலும் இந்நாட்டு முயலேயாம். அது வளை தோண்டாது, புல்லிடையே படுக்கும். அதன் குட்டி மயிருடனும் திறந்த கண்ணுடனும் பிறக்கும். அதனைப் பிடித்து வளர்த்தல் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

வீட்டில் வளர்ப்பதோ வேறோர் இனம். ஐரோப்பாவின் தென்மேற்கிலுள்ள ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளே அதன் தாயகம். அது நிலத்தில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது. அதன் குட்டி மயிரின்றிக் கண் மூடிப் பிறப்பது. கி. பி. ஆறாம் நூற்றாண்டிற் கிறிஸ்தவத் துறவியரே அதனை முதலிற் பழக்கினர் என்றொரு கதை நெடுங்காலம் நூல்களில் வழங்கிற்று. 2018-இல் வெளிவந்த ஆராய்ச்சி அதற்கு ஆதாரமில்லை என்று காட்டியது. எவ்வாறாயினும், புல்வெளியிற் புல்லையே நாள் முழுதும் மேய்ந்து வளர்ந்த குடி அது. அக்குடியின் பல்லும் குடலும் அப்புல்லை நோக்கியே அமைந்தன. இவ்வொன்றை மனத்தில் இருத்தின், நம் வினாவிற்கு விடை பாதி கிடைத்தாற் போலும்.

3. பல்லின் இயல்பு

முயலை எலியின் இனமென்று முற்காலத்து விலங்கியலார் கருதினர். 1912-இல் கிட்லி என்னும் அமெரிக்க அறிஞர் அதனைத் தனி வரிசையாகப் பிரித்தார். மேல்வாயில் எலிக்கு முன்பல் இரண்டு, முயலுக்கோ நான்கு. பெரிய இரண்டின் பின்னே சிறிய இரண்டு மறைந்து நிற்கும். முயலின் பற்கள் மொத்தம் 28.

அவ்விருபத்தெட்டும் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டேயிருக்கும் என்பதே வியப்பு. முன்பல் வாரத்திற்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வளரும். வளர்வது தேய்தலும் வேண்டுமன்றோ? முன்பற்கள் கடிப்பதாலும் ஒன்றோடொன்று உராய்வதாலும் தேயும். கடைவாய்ப் பற்கள் தேய்தற்கு வழி ஒன்றே. நீண்ட புல்லை வாயிலிட்டுக் கீழ்த்தாடையைப் பக்கவாட்டில் ஓயாது அசைத்து அரைத்தலே அவ்வழி. புல்லினுள்ளே மணல் போன்ற நுண்ணிய சிலிக்காத் துகள்கள் உள. அவை அரம் போற் பல்லை அராவும். தீனிக்குச்சியோ இரண்டொரு கடியில் நொறுங்கிவிடும், காரட்டும் அத்தகையதே. மரக்கட்டையை முயல் முன்பல்லாற் சுரண்டுமேயன்றிக் கடைவாயிலிட்டு அரைப்பதில்லை. எம் தங்கை கொடுத்த கட்டை ஏன் பயன்படவில்லை என்பது இதனால் விளங்கும்.

4. குடலின் இயல்பு

முயலுக்குப் பசுவைப்போல் நான்கறை வயிறு இல்லை. அதன் உணவு புளித்துப் பக்குவமாவது பெருங்குடலின் தொடக்கத்திலுள்ள பெரும் பையிலேயாம். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்ந்து தொழில் செய்கின்றன. குடல் தன்பால் வந்த உணவைச் சல்லடைபோற் பிரிக்கின்றது. பருத்த நார் விரைவில் உருண்டை எச்சமாக வெளியேறும். நுண்ணிய பகுதி பையினுட் சென்று புளித்து, மென்மையான கொத்தாக வெளிவரும். அம்மென்மையானதை முயல் அப்போதே வாயாற் பற்றி மீண்டும் உண்ணும். அருவருப்பென்று எண்ணற்க, பி வகை உயிர்ச்சத்துக்களும் புரதமும் அதில் உள. இவ்வியல்பை 1882-இல் மோரோ என்னும் பிரெஞ்சு மருத்துவர் விளக்கினார். லேவியராகமம் 11-ஆம் அதிகாரம் முயலை அசைபோடுவனவற்றுள் வைத்து எண்ணுவதை நம்மிற் பலர் வாசித்திருப்பர். அசைபோடுதல் பசுவின் முறையிலன்றாயினும், ஒரே உணவை இருமுறை பயன்கொள்ளுதல் முயலுக்கும் உண்டு என்பது இதனாற் புலனாகும்.

இத்தொழில் முழுவதையும் இடைவிடாது தள்ளி நடத்துவது நார். நார் குறைந்து மாவும் இனிப்பும் மிகின், குடலின் அசைவு தளரும், நல்ல நுண்ணுயிர் குறையும், தீயன பெருகும், காற்று நிறைந்து வயிறு உப்பும். நோவினால் முயல் உண்ணாது. உண்ணாமையாற் குடல் மேலும் தளரும். இவ்வாறு ஒன்றையொன்று பற்றிச் சுழலும் துன்பம் முயல்களைக் கொல்லும் முதன்மையான நோய்களுள் ஒன்று. முயலுக்கு வாந்தி எடுக்கும் ஆற்றலும் இல்லை. உட்சென்றது முன்னோக்கியே செல்லல் வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் உண்ணாமலும் எச்சமிடாமலும் முயல் இருப்பின், அது நாளைக்கென ஒத்திவைக்கத் தக்கதன்று. எம் வீட்டின் முதன் முயலை இழந்தது அந்த 'நாளை' என்னும் சொல்லாலேயாம்.

ஆகவே வளர்ந்த முயலின் உணவிற் பத்தில் எட்டுப் பங்கேனும் புல்லாக இருத்தல் வேண்டும் என்பர் வல்லார். நாள்தோறும் அதன் உடலளவினதாய ஒரு புற்கற்றை குறையாது கிடைத்தல் வேண்டும். கீரையும் சிறிதளவு தீனிக்குச்சியும் துணையுணவு. காரட்டும் பழமும் பண்டிகைப் பலகாரம் போல்வன. சோறும் ரொட்டியும் முற்றும் விலக்கத் தக்கன.

5. புல் வேறு, வைக்கோல் வேறு

இங்கே மொழி பற்றிய ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. முயலுக்கு உலர்ந்த புல் வேண்டும் என்றவுடன், 'அதற்கென்ன? கொல்லையில் வைக்கோற்போர் இருக்கிறதே!' என்பர் நம்மவர். எம் அப்பத்தாவும் அவ்வாறே கூறினார். நம் நாட்டில் மாட்டிற்கு வைக்கோலே பெருந்தீனியாதலின், பசும்புல்லை அறுத்து உலர்த்திச் சேமிக்கும் வழக்கம் அருகியது; வழக்கம் அருகவே சொல்லும் அருகியது. வைக்கோல் என்பது கதிர் முற்றி, நெல்லை அடித்தெடுத்தபின் எஞ்சிய தாள். அதன் சத்தெல்லாம் நெல்லிற் சென்று சேர்ந்தது. புரதம் மிகக் குறைவு. உலர்புல்லோ பூக்குமுன், இலையிலே சத்து நிறைந்திருக்கும் பருவத்தில் அறுத்துக் காயவைத்தது. முன்னது முயலுக்குப் படுக்கையாகும், பின்னதே உணவாகும்.

விவிலியத்தைத் தமிழ்ப்படுத்திய சான்றோர் இவ்வேற்றுமையைக் கைவிடவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில், கட்டடப் பொருள்களை எண்ணுமிடத்துப் புல்லையும் வைக்கோலையும் இரு வேறு பொருளாகவே வைத்தனர். சொல்லைப் பிரித்தறியாமையால் உயிருக்கும் ஊறு நேரும் என்பதற்கு இஃதொரு சான்று. தமிழ் பயில்வோர்க்குச் சொற்பொருள் ஆராய்ச்சி வீண் பொழுதுபோக்கன்று என்பதும் இதனாற் பெறப்படும்.

6. நம் நாட்டுப் புல்

கடையில் விற்பது பெரும்பாலும் திமோத்திப் புல். பெயர் கேட்டுத் திருத்தொண்டர் திமோத்தேயுவை நினையற்க. 18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் அதனைப் பரப்பிய திமோத்தி ஹான்சன் என்னும் உழவர் பெயரால் வழங்குவது அது. குளிர்நாட்டுப் புல்லாதலின் செட்டிநாட்டு மண்ணில் விளையாது. கடல் கடந்து வருதலின் விலை மிக்கது. அது நல்லதே, எனினும் அஃதொன்றே நல்லது என்பது பொருந்தாது.

நம் வயல் வரப்பிலும் ஊருணிக் கரையிலும் தானே படர்வது அறுகு. அதற்கு 'முயற்புல்' என்றும் ஒரு பெயர் அகராதியிற் காணப்படுகின்றது. பெயரிட்ட முன்னோர் முயல் மேய்வதைக் கண்டே பெயரிட்டனர் போலும்! எம் தங்கை பல நூறு ரூபாய் விலை கேட்டு அஞ்சிய அந்நாளில், எம் வீட்டிற்கு இரு தெரு அப்பால் முயலின் பெயரையே தாங்கிய புல் யாரும் கேட்பாரற்று வளர்ந்துகொண்டிருந்தது. அறிவின்மைக்கு இதனினும் எடுத்துக்காட்டு வேண்டுமோ? உலகின் பிற பகுதிகளிலும் அறுகை உலர்த்தி முயலுக்கும் குதிரைக்கும் இடுகின்றனர்.

வானம் பார்த்த சிவகங்கைச் சீமையின் புன்செய்க்கு ஏற்ற மற்றொன்று கொழுக்கட்டைப் புல். அது வறட்சியைத் தாங்கும். பல ஆண்டு நிற்கும். கதிர் முற்றினால் அதன் விதைக்கொத்து மயிர்முள் உடையதாகும். ஆதலாற் கதிர் முற்றுமுன் அறுத்தல் நலம். குதிரைமசாலும் வேலிமசாலும் புரதமும் சுண்ணாம்புச்சத்தும் மிக்கன. வளருங் குட்டிக்குத் தகும், வளர்ந்த முயலுக்கு நாள்தோறும் தகா. இளஞ்சோளப் பயிரை, அதிலும் நீரின்றி வாடியதை, இடலாகாது. அதில் நஞ்சுண்டாதலை மாடு வளர்ப்போர் நன்கறிவர்.

புல்லை உலர்த்தும் முறை எளிது. ஐப்பசி கார்த்திகை மழைக்குப்பின் புல் செழித்து நிற்கும். தையிலே வானம் வெளுத்தபின் அறுக்கலாம். மருந்து தெளித்த வயல் வரப்பும், வண்டிப் புகை படியும் சாலையோரமும், நாய் திரியும் இடமும் ஆகா. பார்த்தீனியம், எருக்கு முதலியன கலந்திருப்பின் பொறுக்கி எறிக. அறுத்ததை ஒரு காலைப்பொழுது வெயிலில் வாடவிட்டுப் பின் நிழலிற் பரப்பி, அடிக்கடி புரட்டி, இரண்டு மூன்று நாள் காயவைக்க. வெயிலிலேயே கிடப்பின் பச்சை வெளுத்துச் சத்துக் குறையும். குவித்து வைப்பின் உட்புழுங்கிப் பூஞ்சணம் பூக்கும். பசும்புல்லில் முக்காற் பங்கிற்கு மேல் நீர். ஆதலாற் பத்துக் கிலோ அறுத்தால் இரண்டரைக் கிலோ அளவே தேறும். ஈரம் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் இருத்தலாகாது. அதனை அறிய அடுப்பங்கரைச் சோதனை ஒன்று உண்டு. மூடியுள்ள புட்டியில் ஒரு பிடி புல்லும் சிறிது உலர்ந்த உப்பும் இட்டுக் குலுக்குக. உப்பு கட்டிபடின் புல்லில் ஈரம் உளது. பொலபொலவென உதிரின் சேமிக்கலாம். கோணிப்பையில் அடைத்துத் தரையிற் படாது பலகைமேல் வைப்பின் பல திங்கள் நிற்கும்.

நல்ல உலர்புல்லை ஐம்புலனாலும் அறியலாம். கண்ணுக்குப் பசுமை தோன்றல் வேண்டும். மூக்குக்கு இனிய புல்மணம் வேண்டும். புழுங்கிய நாற்றம் கூடாது. கைக்கு உலர்ந்தும் ஒடியாதும் இருத்தல் வேண்டும். செவிக்குச் சலசலவென்னும் ஒலி வேண்டும். தட்டினால் தூசி எழலாகாது. நாவின் தீர்ப்பு மட்டும் நம்முடையதன்று. அதனை முயலே வழங்கும்.

7. விளையாட்டுப் பொருளின் இடம்

இவ்வளவும் கேட்டோர், 'அங்ஙனமாயின் விளையாட்டுப் பொருள் வீணோ?' என்று வினவலாம். வீணன்று. வளை தோண்டிக் கூட்டமாய் ஓடித் திரிந்த உயிரைத் தனியே சிறு கூட்டில் அடைத்தல் கொடுமை. அது கம்பியைக் கடிக்கும். தன் மயிரைத் தானே பறிக்கும். அசையாது கிடந்து கொழுக்கும். ஓடுதற்கு இடம், ஒளிதற்கு மறைவு, உடனிருக்க மற்றொரு முயல், கடித்துக் கிழிக்க ஏதேனும் ஒரு பொருள் ஆகிய நான்கும் அதற்கு வேண்டும். ஆனால் இவற்றுள் எதுவும் கடையிற்றான் கிடைக்கும் என்பதில்லை. நெகிழிப்பந்தோ தீங்கும் செய்யும். கடித்து விழுங்கிய துண்டு குடலை அடைப்பின், வாந்தியறியா உயிர்க்கு வழி யாது?

இதற்குரிய விடையை எனக்குக் கற்பித்தவர் எம் அடுத்த வீட்டு ஆச்சி. செட்டிநாட்டு ஓலைக்கொட்டான் பின்னுதலில் அவர் கைதேர்ந்தவர். பிழைத்த முயலுக்கு யான் அறுகை உலர்த்திக்கொண்டிருந்ததைக் கண்டு, 'என்ன தம்பி, காலேசுப் படிப்பு புல்லறுக்கவா?' என்று நகைத்தார். செய்தியைக் கூறினேன். சற்று நேரம் ஒன்றும் பேசாது உள்ளே சென்றவர், சாயமிடாத பனையோலையிற் பின்னிய சிறு கொட்டானொன்றை எடுத்து வந்தார். 'புல்லை இதுக்குள்ள திணிச்சுப் போடுங்க, தம்பி. புல்லையும் இழுத்துத் திங்கும். கொட்டானையும் கடிச்சு விளையாடும். பிஞ்சு போனா இன்னொண்ணு முடைஞ்சு தாரேன்' என்றார்.

அன்றே அவ்வாறு செய்தோம். முயல் கொட்டானை உருட்டிற்று, மூக்கினால் முட்டிற்று, ஓலையிடுக்கில் நீட்டி நின்ற புல்லை ஒவ்வொன்றாக உருவித் தின்றது. மணி கோத்த பந்தைச் சீந்தாத முயல் அரை நாள் அதனோடு இருந்தது. என் வினா அவ்விடத்தே கரைந்தது. உலர்புல்லோ விளையாட்டுப் பொருளோ என்று இரண்டாக வைத்தது என் பிழை. நல்ல உலர்புல்லே முயலின் முதல் விளையாட்டுப் பொருள். புல்வெளியில் அதன் முன்னோர் நாளெல்லாம் செய்த தொழில் தேடுதலும் தின்னுதலுமே அன்றோ? நமக்கு இரண்டாகத் தோன்றுவன அதற்கு ஒன்றே.

பின்னர் எம் வீட்டில் அமைத்தவை இவை: பக்கவாட்டிற் கிடத்திய வாயகன்ற மட்பானை ஒன்று, ஒளிதற்கு, ஒட்டுத்தாளும் கம்பியும் நீக்கிய அட்டைப்பெட்டி ஒன்று, கிழித்தற்கு. மட்பானைக்கு மற்றொரு பயனும் உண்டு. முயலுக்கு வியர்வை இல்லை. காதின் வழியே வெப்பத்தை ஆற்றும். முப்பது பாகைக்கு மேல் அது வருந்தத் தொடங்கும்; எம் ஊர்க் கோடையோ நாற்பதைத் தொடும். வெப்பத்தில் முயல் புல்லைக் குறைத்துத் தின்னும். அதனாற் குடலும் தளரும். ஈரக் கோணி போர்த்த பானையும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் குளிர்ச்சியும் அக்காலத்தே பெருந்துணை. ஆனால் முயலின் பாதத்தில் நாய் பூனைக்குள்ளது போன்ற மெத்தை இல்லை. வழுவழுத்த தரையிலேயே நாளெல்லாம் இருப்பின் கால் புண்படும். ஒருபுறம் சாக்கு விரித்தல் வேண்டும். உலர்புல் தின்னும் முயலுக்கு நீரும் மிக வேண்டுமாதலின், கனத்த மண்சட்டியில் நல்ல நீர் எப்போதும் இருத்தல் வேண்டும்.

முயல் வளர்ப்பை நேரிற் காண விரும்புவோர் கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூருக்குச் செல்லலாம். 1965-இல் அங்கு நிறுவப்பெற்ற மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையத்தில் வெள்ளை ஜயண்ட், சோவியத் சிஞ்சில்லா முதலிய இனங்கள் வளர்க்கப்படுகின்றன. அவ்வூர்க் குளிர்ச்சியைக் கண்டபின், நம் சமவெளியில் முயல் எத்துணை இடர்ப்படும் என்பது சொல்லாமலே விளங்கும்.

8. முடிவு

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துரைப்பின்: முயலின் பல்லும் குடலும் புல்லையே வேண்டுவன, அதற்கு ஈடாகும் பொருள் கடையில் இல்லை. ஆகவே கையிலுள்ள முதற்காசு புல்லுக்குரியது. விளையாட்டு வேண்டுவதே, அதனை ஓலையும் அட்டையும் மண்ணும் கொண்டு காசின்றியே ஆக்கலாம். புல்லை விலை கொடுத்து வாங்க இயலாதார், தம் ஊர் வரப்பை நோக்குக.

ஒரு செய்தி கூறி முடிக்கின்றேன். என் தங்கை அந்த மரக்கட்டையையும் பந்தையும் எறிந்துவிடவில்லை. அவற்றைத் தன் பெட்டியில் வைத்திருக்கின்றாள். 'ஏன், அம்மா?' என்று கேட்டேன். 'அண்ணா, அது அன்போடுதான் வாங்கினேன். ஆனால் அதற்கு என்ன வேண்டும் என்று கேட்காமல், எனக்கு எது அழகாய்த் தெரிந்ததோ அதை வாங்கினேன்' என்றாள். பதின்மூன்று வயதுப் பெண் கூறிய அச்சொல்லுக்கு மேல் யான் சேர்ப்பது ஒன்றுமில்லை. அன்பு மட்டும் போதாது. அன்பு செய்யப்படும் உயிரின் இயல்பை அறிதலும் வேண்டும். அவ்வறிவு தானே வாராது. தேடியே பெறல் வேண்டும்.

பிழைத்த முயல் இப்போது நலமாயிருக்கின்றது. அதற்குத் துணையாக மற்றொன்றும் வந்துள்ளது. விடுமுறையில் யான் வீடு செல்லுந்தோறும் வரப்பில் அறுகு அறுப்பது என் கடமை. கொட்டான் பின்னுவது ஆச்சியிடம் பயிலும் என் தங்கையின் கடமை. நண்பர்காள்! நம் கையிற் சிக்கிய சிற்றுயிர் வாய் திறந்து தன் குறையைச் சொல்ல அறியாது. அதன் பொருட்டு நாமே முயல்வோமாக.